பன்னிரண்டு பாட்டிலில் ஒரு வருஷத்து வெயில்

கேள்வி இதுதான்: மதுரையில் இருக்கிறோம், மகளுக்கு ஏழு வயது, "இன்னைக்கு ஏன் இவ்ளோ வெயில்?" என்று தினமும் கேட்கிறாள். வெளிநாட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரிசை வீதம், அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற நிறத்தில் உல்லன் நூல் பின்னி, வருஷக் கடைசியில் ஒரு போர்வை ஆக்குகிறார்களாம். எனக்குப் பின்னத் தெரியாது. அது மாதிரி இங்கே குழந்தையோடு செய்ய ஏதாவது வழி உண்டா? எந்த டிகிரிக்கு எந்த நிறம்?

வழி உண்டு. நான் பள்ளியில் புவியியல் எடுத்து ஓய்வு பெற்றவன். திருச்சியில் என் பேத்தியோடும் பக்கத்து வீட்டுப் பையனோடும் ஒரு வருஷம் முழுக்க இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பின்னல் வேண்டாம். கலர் கோலப்பொடியும் கண்ணாடி பாட்டிலும் போதும்.

முதலில் நிறக் கணக்கைச் சொல்கிறேன், பலரும் வழுக்கி விழும் இடம் அதுதான். அந்தப் போர்வைக்காரர்களின் நிறப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பனி கொட்டும் ஊர்களில் பூஜ்யத்துக்குக் கீழே தொடங்கி ஐந்தைந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்று ஏறும். அந்த ஊருக்கு அது சரி. மதுரையில் பகல் வெப்பம் பெரும்பாலும் 28-க்கும் 41-க்கும் இடையில்தான் ஆடும். ஐந்தைந்தாக வெட்டினால் வருஷம் முழுக்க இரண்டு மூன்று நிறத்தில் முடிந்துவிடும், பத்தாம் நாளே குழந்தைக்கு அலுத்துவிடும். "நம்ம ஊர்ல வெயில், அதிக வெயில் ரெண்டுதான்" என்ற பழைய கிண்டலை நாமே நிரூபித்த மாதிரியும் ஆகும். அது உண்மை இல்லை. 31 டிகிரி நாளுக்கும் 37 டிகிரி நாளுக்கும் உள்ள வித்தியாசம் நம் தோலுக்கு நன்றாகவே தெரியும். அளவுகோலைத்தான் நம் ஊருக்குத் தகுந்தபடி நுணுக்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இரண்டிரண்டு டிகிரியாக வெட்டினோம். 28-க்குக் கீழே போனால் ஊதா. 28 முதல் 30-க்குள் நீலம். 30 முதல் 32-க்குள் வெளிர்நீலம், அதாவது நீலப்பொடியோடு பாதிக்குப் பாதி வெள்ளை. 32 முதல் 34-க்குள் பச்சை, 34 முதல் 36-க்குள் மஞ்சள், 38-க்குள் ஆரஞ்சு, 40-க்குள் சிவப்பு. 40-ம் அதற்கு மேலும் அரக்கு. அரக்கு கடையில் கிடைக்கவில்லை, சிவப்பில் கொஞ்சம் கறுப்பைக் கலந்தோம். மதுரைக்கும் இதே அளவு ஒத்துவரும். ஊட்டியில் இருக்கும் சொந்தக்காரக் குழந்தையும் செய்கிறதென்றால் அந்த ஊருக்குத் தனிப் பட்டியல் போடுங்கள், நம் பட்டியலில் அங்கே எல்லா நாளும் ஊதாதான்.

ரோஸ் நிறத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எல்லா நாளும் அந்த டிகிரி வர வேண்டும் என்று குழந்தை அடம்பிடிக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி பாட்டில். மாதத்துக்கு ஒன்று, ஆக பன்னிரண்டு. ஒரே அளவு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு பொடி என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்: பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கொட்டி, வந்ததை 31 ஆல் வகுக்க வேண்டும். எங்கள் பாட்டிலில் 310 மில்லி பிடித்தது. நாளுக்குப் பத்து மில்லி, டீஸ்பூனில் இரண்டு. 'வகுத்தல் எதுக்குத் தாத்தா படிக்கணும்?' என்று அதற்கு முந்தின வாரம் கேட்டவள், அன்று பதில் சொல்லாமலே விட்டுவிட்டாள். வருஷத்துக்கு மொத்தம் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பொடி வேண்டும், எடையில் ஐந்து கிலோவைத் தாண்டும். ஒரேயடியாக வாங்காதீர்கள். வெளிர்நீலமும் பச்சையும் மஞ்சளும்தான் அதிகம் செலவாகும், அரக்கு இரண்டு பிடி மிஞ்சும். மார்கழியில் தெருவிலேயே தள்ளுவண்டியில் மலிவாகக் கிடைக்கும்.

பொடியில் இரண்டு ரகம் உண்டு. மாவு மாதிரி நைசாக இருப்பது கண்ணாடியில் அப்பிக்கொண்டு கீழ் அடுக்கையெல்லாம் மறைக்கும், மூக்கிலும் ஏறும். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நறநறக்கிறதே, அதை வாங்குங்கள். பழைய காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைப் பாட்டிலுக்குள் விட்டு, மெல்லக் கொட்டச் சொல்லுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் குழி விழுந்து அடுக்கு கலங்கும். ஈர்க்குச்சியால் மேலே சமப்படுத்தலாம். சாயம் கையில் ஒட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பொடி நமுத்துக் கட்டியாகிவிடும், ஒரு தட்டில் பரப்பி வெயில் காட்டிவிட்டுப் போடுங்கள். பாட்டில்களை ஜன்னலோரம் வைக்காதீர்கள், சாயம் வெளுத்துப்போகும்.

வெப்பநிலையை எங்கே பார்ப்பது? செல்போனில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் உங்கள் தெருவில் அளந்தது இல்லை, கணினி கணக்குப் போட்டுச் சொல்வது. அவசரத்துக்குப் பரவாயில்லை, பழக்கமாக வேண்டாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு ஊருக்கும் அன்றைய அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் வெளியிடுகிறது, பேப்பரிலும் வரும். பதிவுக்கு நாங்கள் அதில் வரும் அதிகபட்சத்தைத்தான் வைத்துக்கொண்டோம். ஆனால் அது மட்டும் போதாது. யாரோ அளந்ததை எழுதிக்கொள்வதில் குழந்தைக்கு என்ன இருக்கிறது? சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதிகபட்சத்தை நினைவில் வைத்திருக்கும் டிஜிட்டல் ரகமாக இருந்தால் நல்லது, குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில்தானே வெயில் உச்சிக்குப் போகிறது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பக்கத்து வீட்டுப் பையன் அதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் அளவே 35-ஐ ஒட்டித்தான் தொடங்கும், மனித உடம்புக்காகச் செய்தது.

மாட்டும் இடம் முக்கியம். காற்றின் சூட்டை அளக்கிறோம், வெயிலை இல்லை. வெயில் நேராகப் பட்டால் கருவி தன் சூட்டையே சொல்லும். வானிலை நிலையங்களில் வெள்ளை அடித்த மரப்பெட்டி ஒன்று, நான்கு பக்கமும் ஜன்னல் கதவு போல் சட்டங்களோடு, காலில் நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரரான கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. அதன் வேலையே வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதுதான். வீட்டில் அதெல்லாம் வேண்டாம், வடக்குப் பார்த்த சுவரில், நிழலில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் மாட்டினால் போதும். ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். எங்கள் வீட்டு அளவு அரசாங்க அளவைவிடப் பெரும்பாலும் ஒரு டிகிரி கூடவே காட்டியது. ஏன் என்று பேத்தி ஒரு வாரம் யோசித்து, "நம்ம வீட்டைச் சுத்தி சிமெண்ட், அங்க மரம் இருக்கும்" என்றாள். முழுப் பதில் இல்லை, ஆனால் நல்ல பதில்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் கூட உண்டு. கடல்காற்று உள்ளே வந்ததும் அங்கே வெப்பம் இறங்கத் தொடங்கிவிடும். காற்று சீக்கிரம் வந்த நாள் பச்சை, தாமதமான நாள் ஆரஞ்சு என்று அடுக்கிலேயே தெரியும். மதுரைக்கும் திருச்சிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை, மதியம் இரண்டரை மூன்று வரை ஏறிக்கொண்டே இருக்கும்.

மழைக்குத் தனிக் குறி வேண்டும். முதலில் கல் உப்பை ஒரு சிட்டிகை போட்டேன், வெள்ளையாக அழகாக இருந்தது. கார்த்திகையில் உப்பு கசிந்து நீலமும் பச்சையும் சேறாகிவிட்டன. அந்தப் பாட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது, பேத்தி அதைத் 'தாத்தா பாட்டில்' என்கிறாள். அப்புறம் பாசிமணிக்கு மாறினோம். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஒரு மணி, கண்ணாடியை ஒட்டி வெளியே தெரிகிற மாதிரி. தூறலுக்கு ஒரு குட்டி மணி. 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே பெய்தால் அரசாங்கக் கணக்கில் அது மழை நாளே இல்லை என்று சொன்னேன். "நனைஞ்சேனே!" என்றாள். அதனால் குட்டி மணி.

மழையை அளக்க அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எந்தப் பாத்திரமும் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு, அவசியம் செய்து காட்டுங்கள். ஒரு பெரிய சம்படம், ஒரு சின்ன சம்படம், இரண்டையும் மொட்டை மாடியில், மரமோ தொட்டியோ மறைக்காத இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எதில் அதிக உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பையன் பெரியது என்றான், பேத்தி சின்னது என்றாள். மறுநாள் காலை இரண்டிலும் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் இரண்டிலும் 18 மில்லிமீட்டர். இருவரும் ஸ்கேலைத்தான் சந்தேகப்பட்டார்கள். வாய் பெரிதானால் அதிக மழை விழுகிறது, ஆனால் பரவ அதே அளவு அதிக இடமும் இருக்கிறது. புரிய இரண்டு மழை ஆனது. வாய் அகலமாகி அடி குறுகும் பாத்திரம், பக்கெட், சொம்பு எல்லாம் பொய் சொல்லும்.

அளக்கும் நேரம் காலை. வானிலைத் துறையின் கணக்கு, காலை 8.30 வரையிலான 24 மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலையில் அளந்தது செவ்வாய் மழை, அது திங்கள் இரவு பெய்திருந்தாலும். பள்ளி வேன் எட்டுக்கு வந்துவிடும் என்றால் ஏழரைக்கே அளங்கள், தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

மணிக் கணக்கில் ஒரு லாபம் கிடைத்தது. செய்தியில் வரும் சொற்கள் அப்படியே மணிகளாகிவிடும். ஒரு நாளில் 7 சென்டிமீட்டர் தொட்டால் கனமழை, 12 ஆனால் மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95. பேத்தி டப்பாவைக் கவிழ்த்து 95 மணியை எண்ணித் தரையில் அடுக்கினாள். அன்றைய அடுக்கின் மேல் வைத்துப் பார்த்தாள், பாட்டிலில் இடமில்லை. "அந்த ஊர்ல வீடெல்லாம் என்னாச்சு தாத்தா?" என்று கேட்டாள். இவ்வளவு பாடம் எடுத்த எனக்கும் அந்தத் தொகை அன்றுதான் கண்ணில் பட்டது.

எங்கள் அப்பா மழையை மில்லிமீட்டரில் சொன்னதே இல்லை. வயலில் மண்ணைக் கிண்டி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்பார். அதுவும் அளவுதான். மேகத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்று சம்படம் சொல்லும், மண் எவ்வளவு குடித்தது என்று உழவு மழை சொல்லும். தொட்டிச் செடி இருந்தால் ஒரு குச்சியால் கிண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் கறாராக இருக்கும் ஒரே விஷயம். வெள்ளைப் பொடியைத் தனியாக எந்த டிகிரிக்கும் கொடுக்காதீர்கள். வெள்ளை என்றால் 'தெரியாது'. அளக்க மறந்த நாள், ஊரில் இல்லாத நாள், காய்ச்சலில் படுத்த நாள், எல்லாம் வெள்ளை. தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தோம். வீட்டு தெர்மாமீட்டரில் எதுவும் இல்லை, அந்த நாட்களின் பேப்பரும் இல்லை. பையன் சொன்னான், "முன்னாடி பச்சை, பின்னாடி பச்சை, நடுவுலயும் பச்சையாத்தான் இருக்கும், போட்டுடலாம்." நியாயமான ஊகம்தான். ஆனால் ஊகத்தைப் பச்சைப் பொடியில் போட்டுவிட்டால், நாளைக்கு அளந்த பச்சை எது, நினைத்த பச்சை எது என்று யாருக்கும் தெரியாது. நான்கு வெள்ளைக் கோடு போட்டோம். வீட்டுக்கு வருகிற எல்லாரும் முதலில் கேட்பது அந்த வெள்ளையைத்தான். "அன்னைக்கு நாங்க ஊர்லயே இல்ல" என்று பையன் பெருமையாகச் சொல்கிறான், ஏதோ பெரிய சாதனை மாதிரி. இணையத்தில் தேடினால் விட்டுப்போன நாளின் அரசாங்க அளவு கிடைக்கலாம். எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஊகம் மட்டும் கூடாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் வானிலைப் பதிவு 1796-லிருந்து இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் யாரோ ஒருவர் தினமும் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் சோம்பல்பட்டு ஒரு வாரத்தை இட்டுக்கட்டியிருந்தால் இன்று அந்த ஏடுக்கு மதிப்பே இருக்காது.

பாட்டில்கள் வரிசையாக நிற்கத் தொடங்கியதும் குழந்தைகள் தாங்களே படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மே பாட்டில் அடியிலிருந்து மேல்வரை ஆரஞ்சும் சிவப்பும், நடுவே திடீரென்று ஒரு பச்சைக் கோடு, கூடவே மூன்று மணி. "இது வேப்பமரக் கிளை முறிஞ்ச அன்னைக்கு" என்றாள் பேத்தி. முந்தின நாள் சாயங்காலம் கோடைமழை, சூறைக்காற்று, இரவெல்லாம் கரண்ட் இல்லை. ஒரு ஸ்பூன் பொடியில் அவளுக்கு அந்த இரவு முழுக்க இருக்கிறது. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியுமே, அந்த இரண்டு நாளையும் பாட்டிலின் வெளியே மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். உச்ச வெயில் கோடுகளுக்குள் வந்ததா, முன்னாலேயே வந்துவிட்டதா என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது மே மாதத்தில் இல்லை. மதுரைக்கும் திருச்சிக்கும் ஏப்ரல் நடுவில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறை. அந்த நாட்களில் பகல் பன்னிரண்டே கால் வாக்கில் ஒரு பாட்டிலை மாடியில் நிறுத்திப் பாருங்கள், பக்கத்தில் நிழலே விழாது. நேர் மேலே நிற்பது ஏப்ரலில், வாட்டி எடுப்பது மே மாதத்தில். ஏன்? அடுப்பில் தண்ணீர் வைத்த உடனேயா கொதிக்கிறது? நிலம் சூடேற நாளாகும். சரி, ஆகஸ்டிலும் நேர் மேலேதானே வருகிறது, அப்போது ஏன் மே மாதம் மாதிரி இல்லை? இதை நான் சொல்லவில்லை, ஜூலை ஆகஸ்ட் பாட்டில்களைப் பார்க்கச் சொன்னேன். மேகமும் காற்றும் என்ற பதில் வர ஒரு மாதம் ஆனது.

பெரியவர்கள் சொல்வதையும் சோதிக்கலாம். தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தி ஈசல் பூத்தால் அடைமழை. தட்டானோ ஈசலோ பார்த்த நாளில் காலண்டரில் ஒரு புள்ளி, இரண்டு நாளுக்குள் மணி விழுந்தால் ஒரு டிக். எங்கள் வீட்டில் ஈசல் தட்டானை ஜெயித்தது. பத்துப் பதினைந்து புள்ளிகளை வைத்துப் பழமொழியைத் தள்ளவும் முடியாது, ஏற்கவும் முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அதே மாதிரி, ஒரு வருஷப் பாட்டில்களைப் பார்த்துவிட்டு 'பூமி சூடாகிடுச்சு' என்று சொல்லவும் விடாதீர்கள். ஒரு ஊரின் வழக்கமான வெப்பம் இது என்று சொல்ல வானிலைக்காரர்கள் 30 வருஷச் சராசரி எடுப்பார்கள். பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-ல் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் வரிப்படம் ஒன்றை வெளியிட்டார், உலகம் முழுக்கப் பரவியது. அதில் ஒரு கோடு ஒரு நாள் இல்லை, ஒரு வருஷம். மகள் கொஞ்சம் பெரியவளானதும் அதைக் காட்டுங்கள், உடனே படித்துவிடுவாள்.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதம் முடிந்த பாட்டிலை மூடும்போது மேலே இடைவெளி இருக்கக் கூடாது. எங்கள் பிப்ரவரி பாட்டிலில் 28 நாள்தானே, மேலே இரண்டு விரல் காலியாக இருந்தது. அலமாரி துடைக்கும்போது யாரோ எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள், பாதி மாதம் ஒரே சாம்பல் நிறம். அழுகை. இப்போது காலி இடத்தில் பஞ்சை வைத்து இறுக்கி அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுகிறோம். சாய்த்தாலும் அசையாது.

நான்கு ஐந்து வயதுத் தம்பி தங்கை இருந்தால் பொடியைக் கொடுக்காதீர்கள், வாயில் போடும். அதே எட்டு நிறத்தில் உல்லன் நூல் வாங்கி, நீள அட்டையில் நாளுக்கு மூன்று சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். மழை நாளில் அந்த மூன்று சுற்றோடு ஒரு சுற்று ஜரிகை நூல்.

ஜனவரி ஒன்றுக்காகவோ சித்திரை ஒன்றுக்காகவோ காத்திருக்க வேண்டாம். மாதம் பாதியில் தொடங்கினால் முதல் பாதிக்கு வெள்ளையைக் கொட்டிவிட்டு, இன்றைய அடுக்கை அதன் மேல் போடச் சொல்லுங்கள்.